செயல்பாட்டுச் சோதனையும் செயல்பாடுசாராச் சோதனையும்: ஒரே பால் இருமுறை பதிவானால் அது எந்தச் சோதனையின் தவறு?

சித்தூர்ப்புழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காட்டுப் பக்கத்தில் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் ஒன்றரை ஆண்டாகச் சோதனையாளராக வேலை பார்க்கிறேன். பால் சங்கங்களுக்கான கொள்முதல் மென்பொருளைச் செய்து தருகிறோம். பால் ஊற்ற வருபவரின் உறுப்பினர் எண்ணைத் தட்டினால், தராசும் பாலின் தரத்தை அளக்கும் அனலைசரும் தரும் அளவுகள் தாமாகவே டேப்லெட்டில் ஏறிவிடும். கொழுப்பையும் எஸ்என்எஃப்பையும் (கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) விலை அட்டவணையில் பொருத்திப் பார்த்து, லிட்டரால் பெருக்கி, தொகை அச்சிட்ட சீட்டு வெளியே வரும். அதே பதிவு சர்வருக்கும் போய்ச் சேரும்.

சென்ற மாதம், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எல்லையை ஒட்டிய ஒரு சங்கத்திலிருந்து செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். அன்று காலைக் கணக்கில் 1,486 லிட்டர் இருந்தது. டேங்கரில் ஏற்றியதோ 1,431 லிட்டர். ஐம்பத்தைந்து லிட்டர் எங்கே போயிற்று என்று அவர் இரவெல்லாம் சீட்டுகளைப் புரட்டியிருக்கிறார். மறுநாள் நான் நேரில் போய் அவருடன் உட்கார்ந்து, அச்சான சீட்டுகளையும் சர்வரில் உள்ள வரிகளையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். எட்டுப் பேருடைய பால் சர்வரில் இருமுறை பதிவாகியிருந்தது. ஒரு வரியில் 7.4 லிட்டர், கொழுப்பு 3.9, எஸ்என்எஃப் 8.4, நேரம் 6.14, அடுத்த வரியிலும் அதே எண்கள், அதே நேரம். சீட்டு மட்டும் ஒன்றுதான்.

அந்தச் சங்கத்துத் திண்ணையில் செல்பேசி ஒரு நிமிடம் கேரளக் கோபுரத்தைப் பிடிக்கும், மறு நிமிடம் தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடிக்கும். நடுவில் சில நொடிகள் இணைப்பு இருக்காது. அதனால்தான் இது நேர்ந்தது என்று அலுவலகத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் வாக்குவாதம் தொடங்கியது. நிரல் எழுதியவர்கள், "212 செயல்பாட்டுச் சோதனைகளும் தேறிவிட்டன, எங்கள் பக்கம் பிழை இல்லை, நெட்வொர்க் என்பது செயல்பாடுசாரா விஷயம், அது இந்த ரிலீஸின் எல்லைக்குள் வரவில்லை" என்றார்கள். மேலாளர் என்னைப் பார்த்து, "அப்படியானால் எந்தச் சோதனையை நாம் செய்யாமல் விட்டோம்?" என்று கேட்டார். இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். இருந்தும் அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அனுபவம் உள்ள அண்ணன்களும் அக்காக்களும் விளக்கினால் உதவியாக இருக்கும்.

குமுளி_ஏலம் எழுதியது:

தங்கை, பாடத்தில் உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் விரித்துச் சொல்லட்டும். மென்பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்பது செயல்பாட்டுச் சோதனை. அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறது என்று பார்ப்பது செயல்பாடுசாராச் சோதனை. சோதனையாளர்களுக்குச் சான்றிதழ் தரும் ஐஎஸ்டிக்யூபி அமைப்பின் பாடத்திட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது. கொழுப்பு 3.9, எஸ்என்எஃப் 8.4 என்றால் லிட்டருக்கு இன்ன விலை என்று சரியாக வருகிறதா என்பது முதல் வகை. அந்த விலை எத்தனை நொடியில் வருகிறது, ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு வருகிறது, மின்சாரம் போய் வந்தாலும் வருகிறதா, பிறர் அதைத் திருத்த முடியாதபடி காவல் இருக்கிறதா என்பவை இரண்டாம் வகை.

எங்கள் பக்கத்துக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டு. புத்தடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய் மின்னணு முறையில் ஏலம் போகிறது. வணிகர் பொத்தானை அழுத்தினால் அவர் கேட்ட விலை பதிவாக வேண்டும் என்பது செயல்பாடு. எவ்வளவு விரைவில் பதிவாக வேண்டும் என்பது செயல்பாடுசாராத் தேவை. ஆனால் இரண்டு நொடி தாமதமாகப் பதிவானால் அந்தக் குவியல் வேறொருவருக்குப் போய்விடும். அப்போது தாமதத்தை வெறும் வேகக் குறைவு என்று சொல்ல முடியுமா என்ற ஐயம் எனக்கும் நெடுநாளாக உண்டு. எனவே தங்கள் அலுவலகத்தில் நடந்த வாக்குவாதம் எனக்கு வியப்பளிக்கவில்லை.

மூலத்தறை எழுதியது:

பதினாறு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதில் பாதிக் காலம் கோயம்புத்தூரில். குமுளி அண்ணன் எழுதியது சரிதான். ஆயினும், "என்ன", "எவ்வளவு நன்றாக" என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு பிழைகளைப் பிரிக்கப் புறப்பட்டால், சகோதரியின் அலுவலகத்தில் நேர்ந்ததுதான் எங்கும் நேரும். அந்தச் சொற்கள் நாம் கேட்கும் கேள்விகளைப் பிரிப்பதற்காக ஏற்பட்டவை. பிழைகள் அந்தப் பிரிவுக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை.

உங்கள் நிகழ்வையே எடுத்துக்கொள்வோம். டேப்லெட் ஒரு பதிவை அனுப்புகிறது. சர்வர் அதைப் பெற்று எழுதிவிடுகிறது. "பெற்றேன்" என்ற பதில் திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுகிறது. டேப்லெட்டைப் பொறுத்தவரை பதில் வரவில்லை, ஆகவே பதிவு போய்ச் சேரவில்லை. குறிப்பிட்ட நேரம் காத்திருந்துவிட்டு மறுபடியும் அனுப்புகிறது. சர்வருக்கோ அது புதிய பாலாகத் தெரிகிறது. இங்கே நெட்வொர்க் அறுந்தது ஒரு சூழ்நிலை மட்டுமே. ஊற்றிய பால் ஒன்றுக்கு ஒரே ஒரு பதிவுதான் இருக்க வேண்டும் என்ற விதி உடைந்ததே பிழை. அந்த விதி நூற்றுக்கு நூறு செயல்பாட்டு விதி. அதை 212 சோதனைகளில் ஒன்றாவது கேட்டதா? கேட்டிருக்காது என்றே நினைக்கிறேன். ஏனெனில் அலுவலக வைஃபையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கேள்வியே தோன்றாது. செயல்பாட்டு விதி ஒன்று உடைகிறதா என்று பார்க்க, செயல்பாடுசாராச் சூழ்நிலை ஒன்றை உருவாக்க வேண்டியிருந்தது. இரண்டையும் வெவ்வேறு ஆட்களிடம், வெவ்வேறு மாதங்களில் ஒப்படைத்துவிட்டதால் இரண்டும் சந்திக்கவே இல்லை.

மேலாளருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: சர்வர் பதிவை எழுதி முடித்த பிறகு, பதில் டேப்லெட்டை அடைவதற்கு முன், இணைப்பை அறுத்துப் பார்க்கும் சோதனையை நாம் விட்டுவிட்டோம். அதைத் தாங்குதிறன் சோதனை என்ற தலைப்பில் எழுதிக்கொள்ளலாம், தலைப்பு முக்கியமன்று. ஆனால் சோதனையின் முடிவில் பார்க்க வேண்டியது பதிவுகளின் எண்ணிக்கையை. செயலி மறுபடி இணைந்துவிட்டதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. நான் பார்த்த பல இடங்களில் செயலி மூடிக்கொள்ளாமல் இருந்தால் "தேறியது" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த வழக்கம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனெனில் சோதித்தோம் என்ற நிம்மதி மட்டும் கிடைத்துவிடுகிறது.

திருத்தமும் கடினமானதன்று. தராசில் பால் நின்றவுடனேயே டேப்லெட் அந்த ஊற்றலுக்கென ஓர் அடையாள எண்ணை உண்டாக்கிப் பதிவோடு சேர்த்து அனுப்ப வேண்டும். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண் போக வேண்டும். சர்வர் தான் ஏற்கெனவே எழுதிய எண் மறுபடி வந்தால் புதிய வரி எழுதாமல் பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உறுப்பினர் எண், லிட்டர், நேரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் இரட்டைப் பதிவு என்று தள்ளிவிடலாம் என யாராவது குறுக்குவழி சொல்வார்கள். ஒரே வீட்டிலிருந்து ஒரே எண்ணில் இரண்டு கேன் பால் அடுத்தடுத்து வருவது உண்டு. இரண்டிலும் 5.0 லிட்டர் இருந்தால் அந்தக் குடும்பம் ஐந்து லிட்டர் பாலின் பணத்தை இழந்துவிடும். அதையும் ஒரு செயல்பாட்டுச் சோதனையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உங்கள் தேவை ஆவணத்தில் வேகத்தைப் பற்றியும் நம்பகத்தன்மையைப் பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நகரி_தறி எழுதியது:

ஆந்திர எல்லையிலிருந்து எழுதுகிறேன். நகரியைச் சுற்றியுள்ள விசைத்தறிச் சேலை வியாபாரிகளுக்கு பில் போடும் மென்பொருளை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறோம். செயல்பாட்டுச் சோதனை என்றால் என்ன என்பதை எல்லையில் இருப்பவர்களுக்கு ஜிஎஸ்டி கற்றுக்கொடுத்ததைப் போல வேறெதுவும் கற்றுக்கொடுத்திருக்காது. நகரியில் இருக்கும் வியாபாரி அதே ஆந்திரத்தில் உள்ள சித்தூர்க் கடைக்குச் சேலை விற்றால் ஐந்து விழுக்காட்டு வரி மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை என்று பிரியும். சில கிலோமீட்டர் தள்ளி, தமிழ்நாட்டில் உள்ள திருத்தணிக் கடைக்கு விற்றால் ஐந்தும் ஒருங்கிணைந்த வரியாகப் போகும். வாங்குபவர் தரும் மொத்தத் தொகை இரண்டிலும் ஒன்றே என்பதால் பில்லை மேலோட்டமாகப் பார்த்தால் பிழை தெரியாது. ஜிஎஸ்டி பதிவெண்ணின் தொடக்கத்தில் வரும் மாநில எண் ஆந்திரத்துக்கு 37, தமிழ்நாட்டுக்கு 33. இந்த இரண்டு எண்களை ஒப்பிடும் ஒரே ஒரு வரி தவறினால் மாதக் கணக்குத் தாக்கல் முழுவதும் தவறிவிடும். ஆகவே 37-இலிருந்து 37-க்கு, 37-இலிருந்து 33-க்கு, பதிவு எண் இல்லாத வாங்குபவருக்கு, திரும்பி வந்த சரக்குக்கு என்று ஒவ்வொரு வழியையும் தனித்தனிச் சோதனையாக எழுதி வைத்திருக்கிறோம். இதில் எங்களுக்குக் குழப்பம் வந்ததில்லை.

நாங்கள் அடிபட்டது வேறோர் இடத்தில். 2022 ஏப்ரல் 4 அன்று ஆந்திரத்தில் மாவட்டங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது சத்தியவேடு சித்தூர் மாவட்டத்திலிருந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போயிற்று. மாவட்டப் பெயரை மாற்றுவது அரைமணி வேலை என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் மாவட்டப் பட்டியல் ஒன்பது இடங்களில் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது: பில் அச்சில் ஒன்று, போக்குவரத்துச் சீட்டில் ஒன்று, அறிக்கையில் இரண்டு, இப்படி. அரைமணி வேலை மூன்று வாரமாயிற்று. அதுவரை எங்கள் செயல்பாட்டுச் சோதனைகள் ஒன்றுகூடத் தவறியதில்லை. பட்டியல் சரியாக வருகிறதா என்று கேட்டோமே தவிர, பட்டியல் நாளை மாறினால் எத்தனை இடத்தைத் தொட வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. பராமரிப்பதற்கு எளிதாக இருத்தல் என்பதும் செயல்பாடுசாராத் தேவைதான் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. பயன்படுத்துபவர் கண்ணுக்கு அது என்றுமே தெரியாது. நமக்குத்தான் தெரியும், அதுவும் காலம் கடந்து.

இப்போது ஒவ்வொரு ரிலீஸுக்கும் முன்பு ஒரு சிறு பழக்கம் வைத்திருக்கிறோம். வரி விகிதம், மாவட்டப் பெயர், பில் தலைப்பு ஆகிய மூன்றில் ஒன்றை மாற்றச் சொல்லி, அந்த நிரலை எழுதாத ஒருவரிடம் கொடுத்து, எத்தனை கோப்பைத் திறந்தார் என்று எண்ணுகிறோம். ஒன்றுக்கு மேல் போனால் ரிலீஸ் நிற்கும்.

சித்தூர்ப்புழை எழுதியது:

மூலத்தறை அண்ணா, தாங்கள் கேட்டபடி தேவை ஆவணத்தைப் பார்த்தேன். செயல்பாட்டுத் தேவைகள் 41 பக்கம் இருக்கின்றன. செயல்பாடுசாராத் தேவைகள் என்ற தலைப்பின் கீழ் நான்கே வரிகள்: மென்பொருள் வேகமாக இருக்க வேண்டும், பாதுகாப்பாக இருக்க வேண்டும், எளிமையாக இருக்க வேண்டும், எப்போதும் கிடைக்க வேண்டும்.

லோடு டெஸ்ட், அதாவது பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் தாங்குமா என்று பார்க்கும் சோதனை ஒன்று செய்திருக்கிறோம். ஜேமீட்டர் என்ற கருவியில் 50 பயனர்களை வைத்து, ஒரு பிற்பகலில். சராசரிப் பதில் நேரம் 1.1 நொடி என்று அறிக்கை எழுதி, மேலாளரும் கையொப்பமிட்டுவிட்டார். மென்பொருளை இப்போது 64 சங்கங்கள் பயன்படுத்துகின்றன. ஒரு சங்கத்தில் காலையில் ஏறத்தாழ 180 பேர் பால் ஊற்றுவார்கள், 6 மணிமுதல் 7.30 வரை. 50 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், யாருக்கும் நினைவில்லை.

மூலத்தறை எழுதியது:

நான்கு வரியும் வாழ்த்துரைபோல் இருக்கிறது. "வேகமாக இருக்க வேண்டும்" என்பதைச் சோதிக்க முடியாது, ஏனெனில் அது தவறியதென்று யாராலும் காட்ட முடியாது. எண்ணும் சூழ்நிலையும் சேர்ந்தால்தான் செயல்பாடுசாராத் தேவை தேவையாகிறது. அந்த எண்ணைச் சங்கத்துத் திண்ணையில்தான் தேட வேண்டும். அலுவலகத்தில் அது கிடைக்காது.

நீங்கள் கொடுத்த கணக்கையே பார்ப்போம். 180 பேர், 90 நிமிடம் என்றால் நிமிடத்துக்கு இருவர். 64 சங்கத்துக்கு நிமிடத்துக்கு 128 பதிவுகள், அதாவது நொடிக்கு இரண்டுக்குச் சற்று மேல். ஆனால் யாரும் அப்படிச் சீராக வருவதில்லை. தோட்ட வேலைக்குப் போக வேண்டியவர்களும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவர்களும் முதல் அரைமணியிலேயே வந்துவிடுவார்கள். 120 பேர் முதல் அரைமணியில் வருவதாக வைத்தால் நொடிக்கு நான்கைத் தாண்டும். இன்னும் கடினமான நேரம் ஒன்று இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் இருபது நிமிடம் இணைப்பு இல்லாமல் போய் மீண்டும் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது சங்கங்கள் தலா 80 பதிவுகளைத் தேக்கி வைத்திருந்தால், இணைப்பு வந்த அடுத்த சில நொடிகளில் 1,600 பதிவுகள் சர்வரின் வாசலில் நிற்கும். எங்கள் மூலத்தறை அணையில் மதகைத் திறக்கும்போது நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். சராசரி நீரோட்டத்தைக் கணக்கிட்டு யாரும் மதகு கட்டுவதில்லை. உங்கள் 50 பயனர் சோதனை இவற்றில் எதையும் தொடவில்லை.

அடுத்து, அந்த 1.1 நொடி. நூறு பதிவில் 94 பதிவுகளுக்கு 0.4 நொடியிலும் மீதி ஆறுக்கு 12 நொடியிலும் பதில் வந்தால் சராசரி எவ்வளவு? 37.6-உம் 72-உம் சேர்ந்து 109.6, நூறால் வகுத்தால் 1.1 நொடிதான். அறிக்கை அழகாக இருக்கும், ஆறு பேர் கேனுடன் நின்றுகொண்டிருப்பார்கள். 95-ஆவது விழுக்காட்டு மதிப்பை, அதாவது நூறில் 95 பதிவுகளுக்கு எத்தனை நொடிக்குள் பதில் வந்துவிடுகிறது என்பதைக் கேட்டிருந்தால் 12 நொடி என்று உடனே வந்திருக்கும். இப்போது ஒன்றைச் சரிபாருங்கள்: உங்கள் டேப்லெட் பதிலுக்காக எத்தனை நொடி காத்திருந்துவிட்டு மறுபடி அனுப்புகிறது? பத்து நொடி என்றால், அந்த ஆறு பேரின் பாலும் இருமுறை பதிவாகும். அதற்கு இணைப்பு அறுந்துபோக வேண்டியதுகூட இல்லை, சர்வர் மெதுவாக இருந்தாலே போதும். எட்டுப் பதிவுகளுக்கும் கோபுரம்தான் காரணம் என்று உங்கள் அலுவலகம் முடிவு கட்டியது எனக்கு அவசரமாகப் படுகிறது.

மெதுவாக ஆவதால் மறுபடி அனுப்புவதும், மறுபடி அனுப்புவதால் இன்னும் மெதுவாக ஆவதும் புதிய கதையன்று. 1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவையில் புதிய கணினி முறை இயங்கத் தொடங்கியபோது, வண்டிகள் வரத் தாமதமானதால் மக்கள் மீண்டும் மீண்டும் அழைத்தார்கள். அந்த அழைப்புகளே சுமையைப் பெருக்கின. அடுத்த வாரம், நவம்பர் 4 அன்று, அந்த முறை முற்றிலும் நின்றது. பயன்படுத்திய நினைவகத்தைத் திருப்பித் தராத ஒரு சிறு நிரல்துண்டு, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்வரின் நினைவகத்தைத் தின்று முடித்திருந்தது.

நெடுநேரம் ஓடவிட்டுப் பார்க்கும் சோதனை இதனால்தான் வேண்டும். 1991 பிப்ரவரி 25 அன்று சவூதி அரேபியாவின் தாரானில் பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு முறை, வந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டு 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அந்தக் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு நொடியாக எண்ணியது. பத்தில் ஒன்று என்பதை இரும எண்ணில் முழுமையாக எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டியதால் ஒவ்வோர் எண்ணிக்கையிலும் மிகச் சிறிய பிழை சேர்ந்தது. நூறு மணி நேரம் தொடர்ந்து ஓடியபின் அது ஏறக்குறைய 0.34 நொடியாகிவிட்டது. அவ்வளவு நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். சில மணி நேரமே ஓட்டிச் சோதித்திருந்தால் ஒவ்வொரு முறையும் தேறியிருக்கும். கணக்கு தவறியது, ஆகவே செயல்பாட்டுப் பிழை என்பீர்கள். நேரம் செல்லச் செல்லத்தான் தவறியது, ஆகவே நம்பகத்தன்மைப் பிழை என்பார் இன்னொருவர். இரண்டு பெயரும் பொருந்தும். நூறு மணி நேரம் ஓட்டிப் பார்த்தபின் விடையைச் சரிபார்க்கும் ஒரு சோதனை இருந்ததா என்பதே என் கேள்வி.

கல்பாத்தி எழுதியது:

மூலத்தறை அவர்களின் விளக்கத்தை மிகுந்த மதிப்புடன் வாசித்தேன். ஒரு புள்ளியில் மட்டும் மாறுபடுகிறேன். தலைப்பு முக்கியமன்று என்று எழுதியிருக்கிறார். அலுவலகத்தில் பணமும் ஆளும் தலைப்பை வைத்தே ஒதுக்கப்படுகின்றன. செயல்பாடுசாரா என்ற சொல்லைக் கேட்டவுடனேயே "பிறகு பார்க்கலாம்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. தலைப்பை நாம் சும்மா விட்டுவிட முடியாது.

தலைப்புகள் மாறுவதற்குச் சான்றும் உண்டு. 1991-இல் வந்து 2001-இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 9126 தரநிலையில் பாதுகாப்பு என்பது செயல்பாட்டின் உட்பிரிவாக இருந்தது. 2011-இல் அதன் இடத்துக்கு வந்த ஐஎஸ்ஓ 25010 பாதுகாப்பைத் தனிப் பண்பாக வெளியே எடுத்து, மொத்தம் எட்டுப் பண்புகளை வகுத்தது. 2023 பதிப்பில் உயிருக்கும் உடைமைக்கும் தீங்கு நேராமை என்பதும் சேர்ந்து ஒன்பதாயிற்று. பிரிப்பவர்களே இருபது ஆண்டில் இடம் மாற்றி வைத்திருக்கும்போது, நம் குழுவுக்குள் நாமும் நம் வேலைக்கேற்பப் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

எனக்கு நேர்ந்த ஒன்று. உறுப்பினர் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் தேடும் வசதியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஸ்ரீதேவி என்று தேடினால் சில ஸ்ரீதேவிகள் வந்தார்கள், சிலர் வரவில்லை. திரையில் எழுத்துகள் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருந்தன. காரணம், கணினியில் எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடு முறையில் ஸ்ரீ என்பதை "ஸ"வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் சேர்க்கப்பட்ட "ஶ"வில் தொடங்கியும் எழுதலாம். விசைப்பலகைக்கு ஏற்ப மாறும். மலையாளத்தில் சித்தூர் என்று எழுதும்போது கடைசியில் நிற்கும் சில்லெழுத்துக்கும் (உயிரொலி சேராத மெய்யெழுத்து) இதே கதை: 2008-க்கு முந்தைய முறையில் அது மூன்று குறிகளின் கூட்டு, பிந்தைய முறையில் ஒரே குறி. பலவகையாக எழுதப்பட்ட ஒரே எழுத்தை ஒரே வடிவமாக்கும் வழக்கமான யூனிகோடு சீராக்கம் "கொ", "கோ" போன்றவற்றை ஒன்றாக்கிவிடும். இந்த இரண்டையும் ஒன்றாக்காது. நாமே விதி எழுதிச் சேர்க்க வேண்டும்.

இதைப் பொருந்துதிறன் குறை என்று பதிந்து, கீழ்நிலையில் தள்ளிவைத்தார்கள். "உறுப்பினரைத் தேடினால் உறுப்பினர் கிடைக்கவில்லை" என்று நான் தலைப்பை மாற்றி எழுதினேன். அந்த வாரமே திருத்தம் வந்தது.

மூலத்தறை எழுதியது:

கல்பாத்தி அவர்கள் சொன்னதை ஏற்கிறேன். பயன்படுத்துபவர் என்ன இழக்கிறார் என்பதைத் தலைப்பாக எழுத வேண்டும் என்று நானும் சொல்லியிருக்க வேண்டும்.

சித்தூர்ப்புழை எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

சர்வர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். டேப்லெட் காத்திருக்கும் நேரம் பத்து நொடியேதான். எட்டு இரட்டைப் பதிவுகளில் மூன்றுக்கு மட்டுமே கோபுரம் மாறியது காரணம். மீதி ஐந்தும் 6.10-க்கும் 6.16-க்கும் இடையில், இணைப்பு நன்றாக இருந்தபோதே நிகழ்ந்தவை. முந்தைய நாள் அறிக்கையைத் தயாரிக்கும் வேலையைக் காலை 6.10-க்கு ஓடும்படி யாரோ அமைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், சர்வர் ஓய்வாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். அந்த ஆறு நிமிடம் ஒவ்வொரு பதிவும் அறிக்கைக்குப் பின்னால் காத்துக் கிடந்திருக்கிறது. பிற்பகலில் நாங்கள் செய்த லோடு டெஸ்டில் அது தெரிந்திருக்க வழியே இல்லை. அறிக்கை இப்போது இரவு 11 மணிக்கு ஓடுகிறது.

ஊற்றலுக்கு ஓர் அடையாள எண் என்ற திருத்தமும் வந்துவிட்டது. சோதிப்பதற்காகக் காலை 5.45-க்கே அந்தச் சங்கத்துக்குப் போனேன். செயலாளர் அண்ணன் பால் ஊற்ற, சர்வரில் வரி விழுந்ததை மடிக்கணினியில் பார்த்தவுடனே டேப்லெட்டை விமானப் பயன்முறைக்கு மாற்றினேன். ஒரு நிமிடம் விட்டு இணைத்தேன். முப்பது முறை செய்தோம், முப்பது வரிதான் இருந்தது. ஒரே எண்ணில் இரண்டு கேன் வந்தபோது இரண்டு வரி விழுந்தது. 1,600 பதிவுகள் ஒன்றாக வரும் சோதனையைச் சர்வர் இன்னும் தாங்கவில்லை. 900-க்கு மேல் பதில் நேரம் பத்து நொடியைத் தாண்டுகிறது. பதிவு இருமுறை விழவில்லை என்றாலும் அதை விட்டுவிடப் போவதில்லை, அடுத்த ரிலீஸுக்கு எடுத்திருக்கிறோம்.

தேவை ஆவணத்தின் நான்கு வரியை அடித்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். வேகத்துக்கு, நம்பகத்தன்மைக்கு எண்கள் வந்துவிட்டன. "எளிமையாக இருக்க வேண்டும்" என்ற வரிதான் நின்றது. அன்று சங்கத்தில், பால் ஊற்றிய ஒரு பாட்டி சீட்டை வாங்கி, வாசல் விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டி, "எவ்வளவு போட்டிருக்குன்னு பாரு கண்ணு" என்றார். தொகை சரியாகத்தான் அச்சாகியிருந்தது. எழுத்தைப் பெரிதாக்கினால் சீட்டு நீளும், தாள் செலவு கூடும் என்றார்கள். தேதியையும் சங்க முகவரியையும் சிறிதாக்கி இடம் பிடித்தேன். அந்த வரியை இப்படி எழுதியிருக்கிறேன், குறை இருந்தால் திருத்துங்கள்: "பால் ஊற்றுபவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேராவது, காலை ஆறு மணிக்குச் சங்கத்து வாசல் விளக்கில், பிறர் உதவியின்றிச் சீட்டிலுள்ள லிட்டரையும் தொகையையும் பிழையில்லாமல் வாசிக்க வேண்டும்."